வாசல் பார்த்த பூங்கா

சென்னை நகரத்துப் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்துகொண்டு, கண்டக்டர் உரக்கச் சொல்லும் ஸ்தலப் பெயர்களைச் சிறிது நேரம் கவனித்து வருகிறவர்களுக்கு, இந்தப் பட்டணம் ஒரு காலத்தில் எப்படி இருந்தது என்பதை வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. மந்தைவெளியில் இன்று மாடுகள் கூடும் வெளி இல்லை. புளியந்தோப்பில் தோப்பு இல்லை. நுங்கம்பாக்கத்தில் 'ஏரிப் பகுதி' என்று வழங்கும் தெருக்களில் ஏரி இல்லை. அதற்கு அடுத்த ஏரிக்கரைச் சாலையில் நடந்து போகிறவர்கள் கண்ணுக்குக் கரையும் தென்படுவதில்லை. சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் சிறிய ரயில் நிலையத்துக்குப் 'பார்க்' என்று பெயர். எந்தப் பூங்காவை முன்னிட்டு அந்தப் பெயர் வந்ததோ, அந்தப் பூங்காவின் பெரும்பாகம் கட்டடங்களுக்குள் மறைந்துபோயிற்று. பொருள் போன பின்னும் பெயர் நின்று, போனதற்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. புதிதாகக் குடியேற்றங்கள் அமைக்கும்போது, வீட்டு மனைகளுக்கு நடுவே ஜனங்கள் உலாவவும் பிள்ளைகள் விளையாடவும் ஒரு நிலத்தை ஒதுக்கி வைக்கவேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே எப்படித் தோன்றி, எப்படி வளர்ந்து, எப்படிச் சட்டமாயிற்று என்பதை ஆராயப் புகும்போது, இந்தப் பெயர்களின் சாட்சியத்தை முதலில் கேட்டுக்கொள்வது முறையாகும்.

பழைய கிராமத்தில் பூங்கா என்று ஒன்றைத் தனியாக யாரும் ஒதுக்கியதில்லை. ஒதுக்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. ஊர் என்ற சொல்லுக்குள்ளேயே வீடுகளோடு மந்தையும், களத்துமேடும், ஏரிக்கரையும், கோயில் நந்தவனமும், சாவடியை ஒட்டிய ஆலமரத்து நிழலும் அடங்கியிருந்தன. பிறகு சர்க்கார் நிலத்தை அளந்து, தனித்தனிக் குடியானவன் பேரில் தீர்வை விதித்தபோது, தீர்வைக்குள் வராத இந்தப் பொது இடங்கள் எல்லாம் 'புறம்போக்கு' என்ற ஒரே தலைப்பின் கீழ்க் கணக்கில் ஏறின. வருமானம் தராதது என்ற அர்த்தம் தொனித்த அந்தச் சொல், காலப்போக்கில் பேச்சு வழக்கில் வசைச் சொல்லாகவே மாறிவிட்டதென்றால், பொதுவானவற்றை நாம் எவ்வளவு தாழ்வாக மதிக்கத் தொடங்கினோம் என்பதற்கு அதைவிட வேறு அத்தாட்சி வேண்டுவதில்லை.

ஆயினும் பழமையை வர்ணிக்கும்போது உண்மையை மறைத்தல் ஆகாது. அந்தக் குளத்திலும் அந்த வீதியிலும் எல்லாரும் கால் வைத்துவிட முடியவில்லை. இன்ன ஜாதியார் இன்ன துறையில் இறங்கலாம், இன்ன தெருவில் நடக்கலாம் என்ற கட்டுப்பாடுகள், பொது என்ற சொல்லின் பொருளையே பாதியாக்கி வைத்திருந்தன. ஆகையால், யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், யாரும் யாரையும் எழுந்து போகச் சொல்ல முடியாது என்னும் பொருளில் அமைந்த பூங்கா, நம் தேசத்துக்குப் புதிய சரக்குதான். அது வந்ததில் நாம் சந்தோஷப்படவேண்டிய நியாயமும் உண்டு.

சென்னையில் அந்தப் புதிய பொருளின் முதல் பெரிய உதாரணம் 'பீப்பிள்ஸ் பார்க்'. 1859-ஆம் வருஷம் கவர்னராக வந்த ஸர் சார்லஸ் ட்ரெவெல்யன், நெருக்கமான கறுப்பர் பட்டணத்து ஜனங்கள் மூச்சு விடுவதற்கு ஓர் இடம் வேண்டுமென்று கருதி, அதன் மேற்கே சுமார் 116 ஏக்கர் விஸ்தீரணத்தில் அந்த உத்தியானத்தை நிர்மாணிக்கச் செய்தார். எட்வர்ட் பால்ஃபர் என்னும் வைத்தியர் எழும்பூர் மியூசியத்தில் சேர்த்து வைத்திருந்த மிருகங்கள் பின்னர் அங்கே கொண்டுவரப்பட்டு, தலைமுறை தலைமுறையாகச் சென்னைக் குழந்தைகள் புலியையும் கரடியையும் முதன்முதலாகப் பார்த்த இடமும் அதுவே ஆயிற்று. ஆனால், அந்தப் பூங்காவின் பின் சரித்திரம் சிறுகச் சிறுகக் குறைந்த சரித்திரம். விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. மூர் மார்க்கெட் எழுந்தது. 1913-ல் கார்ப்பரேஷனின் வெள்ளை மாளிகையான ரிப்பன் கட்டடம் திறக்கப்பட்டது. விளையாட்டு அரங்கம் வந்தது. 1985-ல் மிருகங்களும் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. இவற்றுள் எதையும் வேண்டாத கட்டடம் என்று சொல்ல முடியாது. ஒவ்வொன்றும் ஒரு நல்ல காரணத்தோடுதான் உள்ளே வந்தது. நல்ல காரணங்களே ஒன்றன்பின் ஒன்றாக வந்து அந்தத் தோட்டத்தை உண்டுவிட்டன.

இவ்வளவு பெரிய பூங்கா இப்படித் தேய்ந்துபோன காரணத்தை நான் பலமுறை யோசித்ததுண்டு. அது ஒரு கவர்னரின் கருணையால் ஜனங்களுக்குக் கிடைத்தது. ஆனால், அதைத் தன் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் வீடு என்று அநேகமாக ஒன்றும் அதைச் சுற்றி இருக்கவில்லை. ஒரு பக்கம் ரயில் பாதையும் மறுபக்கம் பெருஞ்சாலைகளுமாக அது தனித்துக் கிடந்தது. யாருடைய வீட்டு எதிரிலும் இல்லாத நிலம், எல்லாருக்கும் உரியதாக இருந்தும், ஒரு மூலை போகும்போது 'ஐயோ' என்று அலறுவதற்கு ஆள் இல்லாத நிலமாயிற்று. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் நடந்தவை விளங்கும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் நகர நிர்மாணம் என்பது ஒரு தனிச் சாஸ்திரமாக உருவாயிற்று. எபினேசர் ஹோவர்ட் 1898-ல் தம் நூலில் விவரித்த தோட்ட நகரம், 1903-ல் லெச்வொர்த் என்னுமிடத்தில் உருப்பெறத் தொடங்கிற்று. 1909-ல் அந்நாட்டுப் பார்லிமெண்டு அதற்கென ஒரு சட்டமும் செய்தது. இந்தச் சாஸ்திரத்தைச் சென்னை ராஜதானிக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் பேட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்துப் பேராசிரியர். உயிர்நூல் படித்தவராகையால் நகரத்தையும் ஓர் உயிராகவே பார்த்த அவர், கவர்னர் பென்ட்லண்டு பிரபுவின் அழைப்பின் பேரில் 1914-ல் இங்கு வந்தார். அவர் பல வருஷங்கள் பாடுபட்டுச் சேர்த்த நகர நிர்மாணக் கண்காட்சிப் படங்களும் வரைபடங்களும் தனியாக ஒரு கப்பலில் வந்துகொண்டிருந்தன. அந்தக் கப்பலை ஜெர்மானிய யுத்தக் கப்பலான எம்டன் இந்து மகா சமுத்திரத்தில் மூழ்கடித்துவிட்டது. சில வாரங்களுக்கு முன்பு சென்னைத் துறைமுகத்தின் மேல் குண்டு போட்டு, 'ஆள் பெரிய எம்டன்' என்ற வழக்கையே தமிழுக்குத் தந்துவிட்டுப் போன அதே கப்பல்தான் அது. ஆயுள் உழைப்பு கடலுக்கடியில் போன செய்தி கேட்டும் கெடிஸ் சோர்ந்து உட்காரவில்லை. சிநேகிதர்கள் மறுபடி திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு, 1915 ஜனவரியில் சென்னை சர்வகலாசாலையின் செனட் மண்டபத்தில் அந்தக் கண்காட்சியை நடத்திக் காட்டினார்.

அதன் பின்பு அவர் மதுரை, தஞ்சாவூர், காஞ்சிபுரம் முதலிய ஊர்களில் தெருத்தெருவாக நடந்தார். வரைபடத்தின் மேல் அளவுகோலை வைத்து நேர்கோடு இழுத்து, அந்தக் கோட்டில் அகப்பட்ட வீடுகளையெல்லாம் இடித்து அகலமான ரஸ்தா போடும் முறையை அவர் வெறுத்தார். இடிந்து பாழாய்க் கிடக்கும் ஒன்றிரண்டு மனைகளை மட்டும் அகற்றி, அங்கே ஒரு மரத்தை நட்டு மேடை கட்டி, சந்துகளை அதனோடு இணைத்துவிட்டால், குறைந்த செலவில் காற்றும் வெளிச்சமும் வரும், ஜனங்களும் தங்கள் இடத்தை விட்டுப் பெயர வேண்டியதில்லை என்பது அவருடைய சித்தாந்தம். குளங்களையும் ஏரிகளையும் கொசுவின் பேரில் பழி போட்டுத் தூர்த்துவிடுவதை அவர் எதிர்த்தார்; மீனை வளர்த்தால் கொசு குறையும், நீர்நிலை இருந்தால் ஊர் குளிரும் என்றார். நம் கோயில் நகரங்களின் அமைப்பைக் கண்டு அவர் கொண்ட வியப்பு உபசாரமல்ல. தேர் திரும்பும் அகலத்துக்கு வீதிகளை விட்டு, குளத்தை ஊரின் நடுவில் வைத்த நம் முன்னோரைத் தம் சாஸ்திரத்துக்கே ஆசிரியர்களாக அவர் கருதினார். அவரும், அவருக்குப் பின் சென்னை அரசாங்கத்துக்கு ஆலோசகராக வந்த லான்செஸ்டரும் போட்ட விதை, 1920-ஆம் வருஷத்துச் சென்னை நகர நிர்மாணச் சட்டமாக முளைத்தது. ஊர் விரிவடையும்போது சாலைக்கும் திறந்தவெளிக்கும் முன்கூட்டியே இடம் குறிக்கலாம் என்னும் அதிகாரம் அப்போதுதான் நம் ஸ்தல ஸ்தாபனங்களுக்குக் கிடைத்தது.

அந்தக் காலத்தில், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரையில் நீண்டு கிடந்தது ஓர் ஏரி. வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டாங்க்' என்று அழைத்தார்கள். பட்டணத்தில் குடியிருப்புக்கு இடமில்லாத நெருக்கடியைத் தீர்க்க, ஜஸ்டிஸ் கட்சியின் மந்திரிசபை நடந்த 1920-களில், இந்த ஏரியின் மாம்பலம் பக்கத்து நீரை வடித்துவிட்டு ஒரு புதிய நகரம் எழுப்பத் தீர்மானித்தார்கள். 1923-ல் தொடங்கிய அந்த வேலையில் பிறந்த ஊருக்கு, கார்ப்பரேஷனுக்குத் தலைமை வகித்தவரும் அக்கட்சியின் மூலபுருஷர்களுள் ஒருவருமான ஸர் பிட்டி தியாகராய செட்டியாரின் பெயர் வைக்கப்பட்டது. ஊருக்கு நடுவே சுமார் எட்டு ஏக்கர் பரப்பில் அமைந்த பூங்காவுக்கு, 1921 முதல் 1926 வரை முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர் வந்தது. வெங்கடநாராயண சாலையில் அமைந்த மற்றொரு பூங்கா, அக்கட்சியின் ஸ்தாபகர்களில் ஒருவரான டாக்டர் நடேசனின் பெயரைத் தாங்கிற்று.

இந்த ஊரின் படத்தை எடுத்துப் பார்த்தால், அதை வரைந்தவர்களின் கருத்து ஒரே பார்வையில் விளங்கும். தியாகராய சாலை, உஸ்மான் சாலை, ஜி. என். செட்டி சாலை, வெங்கடநாராயண சாலை என்று பெரிய சாலைகள் எல்லாம் பல திசைகளிலிருந்து வந்து பனகல் பூங்காவிலே கூடுகின்றன. மனைகளை விற்றது போக மிஞ்சிய துண்டு நிலம் அல்ல அது. முதலில் பூங்காவைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்தே சாலைகளையும் மனைகளையும் விரித்தார்கள் என்று சொல்லும்படி அமைந்திருக்கிறது. கோயிலை நடுவில் வைத்து ஆடி வீதியும் சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும் மாசி வீதியும் சுற்றிப் போட்ட மதுரையின் ஞாபகம் அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு வருவதுண்டு. பத்துத் தெரு தள்ளிக் குடியிருப்பவரும், கடைக்குப் போனாலும் ரயிலுக்குப் போனாலும், தினம் ஒருமுறையாவது அந்தப் பூங்காவின் வேலியைத் தொட்டுக்கொண்டு போகவேண்டியிருந்தது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் மாலையில் பூங்காவைச் சுற்றி நடந்து வரும் வழக்கம் அங்கே ஒரு பிரதட்சிணம் போலவே நிலைபெற்றது. எல்லாரும் தினமும் பார்க்கும் இடமாகையால், அங்கே ஒரு மரம் விழுந்தால் ஊருக்கே செய்தி தெரிந்தது.

என்றாலும், இந்தப் பூங்காக்களைப் பாராட்டும் வாய், அவற்றுக்காக நாம் கொடுத்த விலையையும் சொல்லியாகவேண்டும். ஏரியைத் தூர்க்காதீர்கள் என்று கெடிஸ் எச்சரித்துப் பத்து வருஷம்கூட ஆகாமல், அவர் பிரசங்கத்தின் ஒரு பாதியைக் கேட்டுக்கொண்டு மறு பாதியை மறந்துவிட்டார்கள். நெடுந்தூரம் பரந்து கிடந்த நீரைக் கொடுத்து எட்டு ஏக்கர் பசுமையை வாங்கியது சரியான பேரமா என்ற கேள்விக்கு, 2015-லும் 2021-லும் பெய்த பெருமழைகளில் தியாகராய நகரின் தெருக்களில் தேங்கி நின்ற தண்ணீர் தன் பாஷையில் பதில் சொல்லியிருக்கிறது. மிச்சம் கிடந்த ஏரியும் அடுத்த ஐம்பது வருஷங்களில் படிப்படியாக மனைகளாயிற்று. அதன் படுகையிலேதான் 1976-ல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது.

தியாகராய நகரில் வீடுகள் எழுந்துகொண்டிருந்த அதே பத்தாண்டில், அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்தில் ராட்பர்ன் என்றொரு குடியேற்றம் அமைந்ததை இங்கே குறிப்பிடுவது பொருத்தம். கிளாரன்ஸ் ஸ்டைன், ஹென்றி ரைட் என்னும் இரண்டு நிபுணர்கள் 1929-ல் அதை உருவாக்கியபோது, வீட்டின் முகத்தையே திருப்பி வைத்தார்கள். மோட்டார் வரும் சந்து வீட்டின் பின்பக்கம். முன்வாசலோ நடைபாதையையும், அதற்கு அப்பால் ஊரின் உள்ளே ஆறு போல் ஓடும் பூங்காவையும் பார்த்து நின்றது. பாதை பெருஞ்சாலையைக் கடக்கவேண்டிய இடத்தில் அதன் அடியிலே சுரங்கமாகச் சென்றது. குழந்தைகள் ஒரு வண்டியின் குறுக்கேயும் போகாமல் பள்ளிக்கூடம் போய்வர முடிந்தது. சாலைகளைக் குறைத்ததனால் மிஞ்சிய பணமே பூங்காவின் செலவை ஈடுகட்டியதென்று ஸ்டைன் கணக்குக் காட்டினார். அந்த வருஷமே தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் ஊர் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் கட்டிய பாகத்தில் பூங்கா இன்றும் இருக்கிறது. வாசல் பார்த்த இடம் பிழைக்கும் என்பதற்கு, கடலுக்கு அப்பாலிருந்து வந்த சாட்சியாக நான் அதைக் கருதுகிறேன்.

சுதந்திரத்துக்குப் பின் நகரம் நாலாபக்கமும் விரிந்தது. 1961-ல் வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டது. 1968-ல் சர்வதேச வர்த்தகப் பொருட்காட்சி நடந்த மேற்குப் புறநகர்ப் பிரதேசத்தில், பிற்பாடு அண்ணா நகர் எழுந்தபோது, பொருட்காட்சிக்கென்று கட்டிய 135 அடி உயரமுள்ள விசுவேசுவரய்யா கோபுரமும் அதைச் சூழ்ந்த தோட்டமும் அந்த ஊரின் பூங்காவாக நிலைத்தன. ஆனால் வாரியமும் கூட்டுறவுச் சங்கமும் அமைக்கும் நகர்களைக் காட்டிலும், தனியார் வயலை வாங்கி மனை போடும் 'லேஅவுட்'டுகளே மிகுதியாக வந்தன. களத்துமேடும் வரப்பும் வாய்க்காலுமாக இருந்த நிலத்தில் சுண்ணாம்புக் கோடும் கல்லும் முளைத்தபோது, பொது இடம் என்று ஒரு சாண்கூட விடாமல் விற்றுவிடும் அபாயம் தோன்றிற்று. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன் கீழ் வந்த சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும், 1976, 2008 ஆகிய வருஷங்களில் வெளியான பெருந்திட்டங்களும் இந்த அபாயத்துக்கு ஓர் அணை கட்டின. மனை வியாபாரிகள் 'ஓ.எஸ்.ஆர்.' என்று சுருக்கிச் சொல்லும் திறந்தவெளி ஒதுக்கீடு அதுவே.

அதன் கணக்கு எளிது. மனைப்பிரிவின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் பதின்மூன்று கிரவுண்டுக்கு, உட்பட்டிருந்தால் ஒன்றும் விடவேண்டியதில்லை. அதற்கு மேல் 10,000 சதுர மீட்டர் வரையில், சாலைகள் நீங்கலாக மிஞ்சுவதில் பத்தில் ஒரு பங்கை விடவேண்டும். இடமாக விட இயலாதபோது அதன் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரை, அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கரைத் தாண்டிவிட்டால், பணம் செல்லாது. நிலமாகவே விட்டு, உள்ளாட்சி மன்றத்தின் பேரில் தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து கொடுக்கவேண்டும். ஐந்து ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு ஒன்றேகால் ஏக்கர் போனால், பூங்காவுக்கு வருவது முப்பத்தேழரை சென்ட். முன்பு ஊர் முழுவதும் விரவிக் கிடந்த பொதுமை, பத்தில் ஒன்றாகச் சுருங்கி, பத்திரத்தில் ஏறித் திரும்பி வருகிறது. சிறிதுதான், ஆனால் ஜாதி கேட்காமல் எல்லாருக்கும் வருகிறது.

நியாயஸ்தலங்களும் இந்தப் பத்தில் ஒன்றுக்குத் துணை நின்றிருக்கின்றன. பெங்களூரில் பூங்காவுக்கென்று திட்டத்தில் குறித்த இடத்தை ஆஸ்பத்திரி கட்டத் தனியாருக்குக் கொடுத்ததை எதிர்த்து, அந்தப் பகுதிவாசிகளே வழக்காடினார்கள். பூங்கா என்பது அரசாங்கத்தின் சலுகை அல்ல, சுற்றிலும் குடியிருப்பவர்களின் உரிமை என்ற நிலையை ஏற்று, 1991-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஒதுக்கீடு செல்லாதென்று தீர்ப்பளித்தது. 1995-ல் டில்லியைச் சேர்ந்த ஒரு வழக்கில், பூங்காவென்று படத்தில் காட்டி அனுமதி பெற்ற பின், நிலம் சொந்தக்காரர் பேரிலேயே இருந்தாலும் அவர் அதைத் தர்மகர்த்தாவைப் போல் வைத்துக் காக்கக் கடமைப்பட்டவர் என்று அதே கோர்ட் விளக்கிற்று.

சட்டம் இருக்கிறது, தீர்ப்பும் இருக்கிறது. ஆயினும் அவை இரண்டும் எட்டாத ஓர் இடம் உண்டு என்பதை நான் சில வருஷங்களுக்கு முன் நேரில் கண்டேன். என் உறவினர் ஒருவர் புறநகரில் மனை வாங்கினார். வரைபடத்தில் பூங்காவுக்குப் பச்சை வர்ணம் அழகாகத் தீட்டியிருந்தது. வீடு கட்டி முடித்துக் கிரகப்பிரவேசத்துக்குப் போனபோது, அந்தப் பச்சையைத் தேடிக்கொண்டு நடந்தேன். மனைப்பிரிவின் கடைசி மூலையில், மழைநீர் வாய்க்காலை ஒட்டி, மனையாக விற்க முடியாத கோணலான ஒரு நிலம் அது. தானப் பத்திரம் கிரமமாகப் பதிவாகியிருந்தது. சுற்றுச்சுவரும் இரும்புக் கதவும் பூட்டும் இருந்தன. உள்ளே சீமைக்கருவேல் ஆள் உயரம் வளர்ந்திருந்தது. அதைச் சுற்றியிருந்த வீடுகள் எல்லாம் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. பிள்ளைகள் தெருவிலே, வண்டிகளுக்கு நடுவிலே விளையாடிக்கொண்டிருந்தார்கள். பத்தில் ஒரு பங்கு, ஒரு சென்ட்டும் குறையாமல், அங்கே இருந்தது; பூங்காதான் இல்லை.

ஆகவே, இந்தச் சரித்திரத்திலிருந்து நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே. எவ்வளவு ஒதுக்கினோம் என்பதைச் சட்டம் கேட்கிறது. எங்கே ஒதுக்கினோம், யாருடைய வாசல் அதைப் பார்க்கிறது, எந்தப் பாதை அதன் வழியாகப் போகிறது என்று கேட்கவேண்டியவர்கள் நாம். 116 ஏக்கரை வாசல் இல்லாமல் வைத்து இழந்தோம். எட்டு ஏக்கரை வாசல்களுக்கு நடுவில் வைத்துக் காத்துக்கொண்டோம். மனை போடுகிறவர் பூங்காவை முதலில் குறித்துவிட்டுப் பிறகு கோடு இழுக்கட்டும். பால் வாங்கவும் பள்ளிக்கூடம் போகவும் பஸ் பிடிக்கவும் ஜனங்கள் நடக்கும் வழி அதன் ஊடே செல்லட்டும். கிழக்கோ வடக்கோ பார்க்கும் வீடுகளுக்கிடையே நாலு வீடாவது பூங்காவையும் பார்க்கட்டும். மனை வாங்குகிறவரும், தண்ணீரையும் பட்டாவையும் விசாரிப்பது போல, பச்சை வர்ணம் தீட்டிய இடத்துக்கு ஒருமுறை நடந்து போய் நின்று பார்க்கட்டும்.

இப்போது பனகல் பூங்காவை ஒட்டி, மெட்ரோ ரயிலுக்கான சுரங்க நிலையம் கட்டும் வேலை நடக்கிறது. தகரத் தடுப்புகளும் புழுதியும் கண்ணை உறுத்துகின்றன. ஏறக்குறைய நூறு வருஷம் கண்ட அந்தப் பூங்காவுக்கு இது ஒரு சோதனைக் காலந்தான். ஆனாலும் தியாகராய நகர் வழியே போகும் பஸ்ஸில் கண்டக்டர் இன்றும் 'பனகல் பார்க்' என்று குரல் கொடுக்கிறார். மந்தைவெளியிலும் புளியந்தோப்பிலும் அவர் சொல்வது பெயரை மட்டும். இங்கே அவர் குரல் கேட்டு இறங்குகிறவர்கள் தலை நிமிர்ந்து பார்த்தால், அந்தப் பெயருக்கு உரிய மரங்கள் எதிரே நிற்கின்றன.